புரட்டாசி முட்டைப் பரணி

வாழ்க ஸ்ரீநிவாசன்!

சிட்லபாக்கம் ஏரியின் ஈரக்காற்றைத் தான் முதலில் முகர்ந்து, மிச்சத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுக்கும் முனைவீட்டின் தலைவன். இரு காலும் ஊன்ற இடமில்லாத காலை மின்ரயிலில் கிண்டி வரை ஒற்றைக் காலில் நின்றே செல்லும் தவசீலன். உச்சியில் மயிர் உதிர்ந்தும் மீசையில் மானம் உதிராத மறவன். ஏழு பேடைகளின் ஏக நாயகன். எவருக்கும் அஞ்சாதவன், மனைவி காமுவுக்கு மட்டும் அளவோடு அஞ்சுபவன், வாழ்க, வாழ்க!

கொக்கரிக்கும் உயிர்களைக் காக்கும் தெய்வம் எதுவோ, அது இப்போது இங்கே வந்து சொல்லுக்குத் துணை நிற்கட்டும். முட்டையோட்டைப் போல மெல்லியதாயினும் சட்டென்று உடையாத ஒரு நாவை அருளட்டும். கதையின் நடுவில் ஒரு நாற்றம் வரும். அப்போது கேட்பவர் மூக்கையும் காக்கட்டும்.

மோட்டார் அறைக்கும் முருங்கை மரத்துக்கும் இடைப்பட்ட கொல்லைப்புறம், கம்பிவலை மதில் சூழ்ந்த அந்த மாநகரில், பகலெல்லாம் மண் கிளறி, பொழுது சாயுமுன் பரண் ஏறி, குறை ஏதுமின்றி வாழ்ந்தன எழுபெரும் பேடைகள். செம்பொன் இறகினள் ஒருத்தி, கார்முகில் நிறத்தாள் ஒருத்தி, கழுத்தில் இறகே இல்லாதவள் ஒருத்தி. எல்லோருக்கும் மூத்தவள், யார் உள்ளே வந்தாலும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் குற்றம் கண்டுபிடிப்பவள். அவளுக்குப் 'பிரின்சிபால்' என்று பெயர் சூட்டியவள் கல்லூரி செல்லும் மகள் ஸஹானா. முன்பு ஒரு சேவலும் இருந்தது. விடியுமுன்பே முரசறைந்து தெருவை எழுப்பும் வழக்கம் அதற்கு. எதிர்வீட்டு சாலமன் ரத்தக்கொதிப்பைக் காரணம் காட்டி முறையிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அச்சேவல், பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக் ஹனீஃபாவின் மச்சான் ஊரப்பாக்கத்தில் நடத்தும் கறிக்கடைக்குப் பயணம் போயிற்று. திரும்பவில்லை.

ஆவணி வரை அந்நாட்டில் வரவும் செலவும் ஒத்தே இருந்தன. பேடைகள் இட்டன, மாந்தர் தின்றனர். தின்றது போக மிஞ்சியதைத் தெருவுக்கு வாரி வழங்கி, வள்ளல் என்று பெயரெடுத்து, அப்பெயரைக் காதில் விழும்படி இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தான் ஸ்ரீநிவாசன். அப்போதுதான், மழைக்கு முன் வரும் புழுக்கத்தைப் போல, எவராலும் தடுக்கவியலாததாய், நெற்றியில் நாமமும் நாவில் விரதமும் தரித்து வந்து சேர்ந்தது புரட்டாசி.

ஒரே இரவில் தெருவே சைவமாயிற்று. முந்தைய நாள் வரை "ரெண்டு சேத்துக் குடுங்க சார்" என்று மதிலுக்கு மேல் கை நீட்டியவர்கள், மறுநாள் முட்டைக் கூடையைக் கண்டதும் அந்தக் கையாலேயே கும்பிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "புரட்டாசி, சார்" என்றார்கள். வீடு வீடாகச் சென்று, வீடு வீடாகத் தோற்று, வள்ளல் பெருமகன் தெருக்கோடி வரை நடந்து நிறைகூடையோடு திரும்பினான். புரட்டாசி விரதமில்லாத சாலமன் வீட்டிலோ மஞ்சள்கரு கூடாதென்று மருத்துவர் ஆணை. எஞ்சியது ஹனீஃபா ஒருவரே. நட்பின் பொருட்டு அவர் ஒரு வாரம் தாங்கினார். பிறகு தாமே மதிலருகே வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல முட்டை, மத்தியானம் முட்டை, நைட்டு முட்டை. நேத்து எம் பொண்ணு அனம் என்னைப் பாத்து கொக்கரிக்குது சார். எட்டு வயசுப் புள்ள."

பேடைகளுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. திதி அறியாமல், கிழமை அறியாமல், பெருமாளுக்கு உகந்த மாதம் என்ற அச்சம் சிறிதுமின்றி, அவை இட்டன. இட்டுவிட்டு அதை ஊரறியக் கூவின.

குளிர்பதனப் பெட்டி என்னும் பனிக்கோட்டைக்குள் முட்டைகளைக் குடியேற்றலாம் என்று நாயகன் நினைத்தான். கோட்டையின் சாவி காமுவிடம் இருந்தது. தனியார் பள்ளியில் கணக்கு கற்பிப்பவள், ஒரு பார்வையில் கடைசி பெஞ்சையும் எழுதவைப்பவள், புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகை படைப்பவள், கோட்டைவாயிலில் நின்றாள். முட்டைக்கென்றே குழிகுழியாக வார்த்த கதவுத்தட்டில் எலுமிச்சம்பழங்கள் வரிசையாக அமர்ந்து நாயகனைப் பார்த்தன.

"தளிகைக்கு வைக்கற பாலும் தயிரும் இருக்கிற எடத்துல முட்டையா?" என்றாள் காமு. அத்தோடு நில்லாமல், அன்றே அவள் பிறப்பித்த பேராணை இது: "நல்லா கேட்டுக்கோங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள, இந்த வீட்ல ஒரே ஒரு முட்டை நாறினாலும் சரி, அத்தனை கோழியும் சேவல் போன எடத்துக்குப் போயிடும்."

"அம்மா, சேவல் போன எடம் பிரியாணி" என்றாள் ஸஹானா, கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

கூண்டுக்குள் பிரின்சிபால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஏழு உயிர்கள் ஒரு நாற்றத்தின் நுனியில் தொங்கின.

அன்றிரவு நாயகன் தேடினான். தேடுபொறி ஆழியில் மூழ்கி மூழ்கி, பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்து மூதாட்டியின் காணொளியில் அந்த இரகசியத்தைக் கண்டெடுத்தான். சுண்ணாம்பு. கழுவாத முட்டைகளைச் சுண்ணாம்புநீரில் அமிழ்த்தி மூடிவைத்தால் மாதக்கணக்கில் கெடாவாம். அம்மூதாட்டி சென்ற ஆண்டு முட்டையை இந்த ஆண்டு உடைத்து, பொரித்து, தின்றுகாட்டி, உயிரோடும் இருந்தாள். சுண்ணாம்பு கண்டு பிற நாட்டார் வியக்கலாம். வெற்றிலைக்கும் சுவருக்கும் அதையே நம்பி வாழ்ந்த நாட்டில் பிறந்தவன் வியக்கலாமா? மோட்டார் அறையில், பொங்கலுக்கு மதில் வெள்ளையடித்த மாரி விட்டுச்சென்ற அரைமூட்டை அப்படியே இருந்தது.

பழைய பெயிண்ட் வாளி ஒன்று பளபளக்கத் தேய்க்கப்பட்டது. கொதித்து ஆறிய நீர் வார்க்கப்பட்டது. மாரியின் மூட்டையிலிருந்து அள்ளிய மாவு அதில் விழுந்து, கலங்கி, சுழன்று, ஒரு சிறு பாற்கடலாயிற்று. அதில் மெல்லிய நீலச் சாயல் ஓடுவதை நாயகன் கண்டான். திருநீர்மலைப் பெருமாளின் நிறமன்றோ என்று மெய்சிலிர்த்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஓட்டில் மயிரிழைக் கீறல் உள்ளவற்றை விலக்கி, எச்சம் பட்டவற்றை விலக்கி, மாசறு முட்டைகளை மட்டும் தேர்ந்து, கூர்முனை கீழாக ஒவ்வொன்றாக அவன் இறக்கினான். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடும் கை அவ்வளவு மெல்ல இறங்கியிருக்காது. காமு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"கழுவாமயா போடறீங்க?"

"கழுவக்கூடாது காமு. முட்டை மேல ஒரு கவசம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கழுவினா அது போயிடும்."

"என் கண்ணுக்குத் தெரியறதெல்லாம் வேற" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வாளி மூடப்பட்டது. அதன்பின் நாள்தோறும் இடப்பட்ட முட்டைகள் நாள்தோறும் அதில் இறங்கின. நாள்தோறும் அலுவலகம் புறப்படுமுன் நாயகன் மூடியைத் திறந்து, மூக்கை நீட்டி, மோந்து, மூடினான். மின்ரயிலில் தொங்கும்போதும் அவன் நெஞ்சில் ஒரே காட்சி: ஐப்பசி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரும்புத் தோசைக்கல், மிளகு தூவிய இரட்டை ஆம்லெட். அதை எண்ணியபோதெல்லாம் பல்லாவரத்தில் இறங்க வேண்டியவர்களுக்கு அவன் வழிவிட மறந்தான். பல்லாவரத்துக்காரர்கள் அவனை மன்னிக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது.

அடுப்பங்கரையில் தளிகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. புளியோதரையின் மணமும் வடையின் மணமும் சர்க்கரைப் பொங்கலின் நெய்மணமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கூடத்தில் புகுந்த அவ்வேளையில், அவற்றின் அடியில், வெண்பட்டில் ஊர்ந்த கறைபோல், வேறொன்று வந்தது. அது கந்தகத்தின் தம்பி. அழுகலின் அண்ணன். தீக்குச்சியும் சாக்கடையும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் மூத்த பிள்ளை.

நாயகன் துள்ளி எழுந்தான். நெற்றியில் நாமம், இடையில் வேட்டி, மார்பில் வியர்வை. ஓடினான் வாளிக்கு, திறந்தான் மூடியை, நீட்டினான் மூக்கை. வாளி தூய்மையாக இருந்தது. பாற்கடல் அசையவில்லை. அப்படியானால் பகைவன் எங்கே? மதில் ஓரம் மோந்தான். முருங்கையடியில் மோந்தான். தன் செருப்பைக்கூட மோந்தான். கடைசியில் மோட்டார் அறைப் படிக்கட்டின் கீழ், ஆண்டுக்கணக்காய்த் தலை காணாத ஒரு பழைய ஹெல்மெட் மல்லாந்து கிடக்கக் கண்டான். அதனுள், வைக்கோல்கூட இல்லாமல், யாருக்கும் சொல்லாமல், கள்ளத்தனமாய் இடப்பட்ட நான்கு முட்டைகள். ஒன்றின் ஓடு விரிந்து பச்சையாய்க் கசிந்தது. அருகே பிரின்சிபால் நின்றுகொண்டு, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வேறுபக்கம் பார்த்தாள்.

தன் உயிருக்கு உலைவைப்பவளும் அவளே, காக்கப்பட வேண்டியவளும் அவளே. நாயகன் அந்நேரம் அவளிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அச்சிட முடியாது.

இரு கைகளாலும் ஹெல்மெட்டை ஏந்தி, மூச்சை அடக்கி, பின்வாசல் பூட்டியிருந்ததால் முன்வாசல் வழியே அவன் புறப்பட்டான். போர்க்களம் புகும் வீரன் கவசத்தை அணிவான். இவன் ஏந்திச் சென்றான். வாயிலைத் திறக்கவும், ஆட்டோவிலிருந்து காமுவின் அண்ணி இறங்கவும் சரியாயிருந்தது.

"எங்க, மாப்ள, கிளம்பிட்டீங்க? தளிகை நேரத்துல?"

"பெட்ரோல் போட" என்றான் நாயகன், உதட்டைத் திறக்காமல்.

"வண்டி உள்ள நிக்குதே?"

விடை சொல்ல மூச்சு வேண்டும். மூச்சு இல்லை. அவன் நடந்தான். வேட்டி தடுக்க, நாமம் வியர்வையில் கரைந்து மூக்கை நோக்கி ஒழுக, குண்டும் குழியுமான தெருவில் ஒரு குண்டுகூட அதிராதபடி கால்வைத்து, வெடிமருந்து சுமக்கும் ஒட்டகம்போல் நடந்தான். காலிமனையருகே ஹனீஃபா எதிர்ப்பட்டார்.

"இன்னா சார், வண்டி இல்லாம ஹெல்மெட்டு மட்டும் ஊர்கோலம் போவுது?" அருகே வந்தவர் இரண்டடி பின்வாங்கினார். "அல்லாவே. உள்ள யாரு சார், செத்துட்டாங்களா?"

"பாய், குழி தோண்டணும். காமுவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா கோழியெல்லாம் உங்க மச்சான் கடைக்கு."

ஹனீஃபா ஒரு கணம் யோசித்தார். மச்சானுக்கு ஏழு கோழி லாபம். ஆனால் மச்சானோடு அவருக்குப் பேச்சுவார்த்தை சரியில்லை. ஏசி வேலைக்கு வைத்திருந்த கடப்பாரையை எடுத்தார். மண் பிளந்தது. குழி வாய் திறந்தது. கீழே இறக்கும்போது அந்தோ, நாயகனின் விரல் நழுவ, ஒரு முட்டை இன்னொன்றில் இடிக்க, 'டப்' என்றொரு ஓசை எழுந்தது. கருவேலஞ்செடியில் இருந்த காக்கைகள் ஏரிப்பக்கம் பறந்தன. தெருநாய் ஒன்று எழுந்து, மோந்து, தன் வாழ்வில் முதன்முறையாக ஒன்றை வேண்டாமென்று விட்டுச் சென்றது. ஹெல்மெட்டோடு சேர்த்தே மண் மூடிற்று.

"நான் எதையும் பாக்கல சார்" என்றார் ஹனீஃபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாக்கவும் முடில. கண்ணு எரியுது."

குழாயடியில் முழங்கை வரை கழுவி, மீண்டும் நாமமிட்டு, நாயகன் வீடு புகுந்தான். கூடத்தில் நின்று காமு மூக்கை ஒருமுறை சுருக்கினாள்.

"பெருங்காயம் ஜாஸ்தியா போட்டுட்டேனோ?"

"கொஞ்சம்" என்றான் நாயகன். வாழ்நாளில் அவள் சமையலில் அவன் கண்ட முதல் குறை அது. அதுவும் பொய்.

அதன்பின் வானம் கருத்தது. மழை வருமுன்னே கொல்லையில் வேறொரு மழை பெய்தது: இறகு மழை. செம்பொன் இறகும் கார்முகில் இறகும் மூலைக்கு மூலை பறந்தன. ஏழு பேடைகளும் ஆண்டுக்கொருமுறை இறகுதிர்க்கும் பருவம் எய்தின. பாதி உரித்த வாழைப்பூக்களாய் நின்றன. முட்டையிடுவதை அடியோடு நிறுத்தின. ஒன்று இல்லை, அரை இல்லை, கால்கூட இல்லை. எவருக்கும் வேண்டாதபோது கூடைகூடையாய்க் கொட்டியவை, ஊருக்கே வேண்டிய நாள் நெருங்க, வாயை மட்டும் திறந்து தீனி கேட்டன. இப்போது அந்நாட்டின் செல்வம் எல்லாம் அந்தப் பெயிண்ட் வாளியில் இருந்தது.

விடிந்தது ஐப்பசி. ஞாயிறு. தூறல். விரதம் விட்ட தெரு பசித்த புலியாய் எழுந்தது. நாயகனின் வாயிலில் கூடிவிட்டது ஒரு கூட்டம். மதில் மேல் நீண்டன முன்பு கும்பிட்ட கைகள். வாளி கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. காமு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஸஹானா கைபேசியை உயர்த்தினாள். மூடி திறந்தது. நாயகன் கையை முழங்கை வரை விட்டு, துழாவி, எடுத்து, தண்ணீர் ஊற்றி, உயர்த்திப் பிடித்தான்.

முட்டை நீலமாயிருந்தது.

மழை விட்ட வானம் போல, பள்ளிச் சீருடை போல, நீலம். தேய்த்தான், போகவில்லை. இன்னொன்றை எடுத்தான், அதுவும் நீலம். காமு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"என்னங்க, எந்தச் சுண்ணாம்பு போட்டீங்க?"

"மாரி வச்சுட்டுப் போன மூட்டை..."

"சரிதான். மதில் பளிச்சுன்னு இருக்கணும்னு நான்தான் அவன்கிட்ட நீலம் வாங்கிக் குடுத்தேன். கலந்து வச்சிருக்கான்." அவள் கையை நீட்டினாள். "குடுங்க. உடைக்கலாம்."

கிண்ணம் வந்தது. கூண்டிலிருந்து ஏழு கழுத்துகள் நீண்டன, அவற்றில் ஒன்று பிறவியிலேயே இறகற்றது, மற்றவை புதிதாய் இறகற்றவை. வீரன் கண்ணை மூடினான். திருநீர்மலையை நினைத்தான், மூதாட்டியை நினைத்தான், ஊரப்பாக்கத்தை நினைக்காதிருக்க முயன்றான். விளிம்பில் ஓடு மோதிற்று. பிளந்தது. விழுந்தது.

மஞ்சள்கரு உருண்டையாக, உடையாமல், நடுவில் குன்றுபோல் எழுந்து நின்றது. வெள்ளைக்கரு சற்றே இளகியிருந்தது. காமு குனிந்து மோந்தாள். நிமிர்ந்தாள். மீண்டும் குனிந்து மோந்தாள், கடைசி வரியிலும் தப்பு தேடும் ஆசிரியை போல.

"நாத்தம் இல்ல" என்றாள். "கோழி இருக்கட்டும்." பிறகு, எழுந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், "அந்த ஹெல்மெட் மட்டும் எங்கன்னு சொல்லிடுங்க. என் தம்பியோடது. கேக்கறான்."

நாயகனின் முகம் வாளிநீரின் நிறம் கொண்டது.

"அப்போ பெருங்காயம்?"

"எனக்குப் பெருங்காயம் தெரியாதா?"

வெற்றி, வெற்றி! முரசு இல்லையாதலால் ஸஹானா தட்டைத் தட்டினாள். அதற்குள் அவள் பதிந்த படம் தெரு வாட்ஸப்பில் பரவி, நீல முட்டை சர்க்கரைக்கு நல்லது என்று ஒருவர் எழுத, மூட்டுவலிக்கும் என்று மற்றொருவர் சேர்க்க, அடுத்த தெருவும் குடைபிடித்து வந்து சேர்ந்தது. "அது வெறும் சுண்ணாம்பு நீலம்" என்று நாயகன் நாலாபக்கமும் முழங்கினான். எவரும் செவிமடுக்கவில்லை. "வெள்ளைக்கரு மட்டும்தான்" என்று சொல்லி சாலமன் ஆறு எடுத்துக்கொண்டார். மூட்டுவலியே இல்லாதவர்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வள்ளல் என்ற சொல் அவன் கேட்காமலேயே பன்முறை அவன் காதில் விழுந்தது. வள்ளலுக்கு இல்லையென்று சொல்ல நா எழுமா? கைகள் நுழைந்தன, கைகள் நிறைந்தன. உடைத்த முட்டை ஸஹானாவின் தட்டுக்குப் போயிற்று. அடியில் கிடந்த கடைசி இரண்டையும் காமு அனமின் கையில் வைத்தாள். அக்குழந்தை, பழையதெல்லாம் மறந்து, "நீலமா கீது" என்று சிரித்தது. எஞ்சியது சுண்ணாம்புநீர். அதில் வானமும், அதைக் குனிந்து பார்க்கும் ஒரு மீசையும் மட்டும் தெரிந்தன. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மிளகு பொடித்து வைத்தபடி இருந்தது.

பேடை காத்த பெருமான், நாற்றத்தை நடந்தே வென்ற நாயகன், நீலமுட்டை கண்ட நெடுந்தகை, ஏரிக்கரை உள்ளளவும், அதில் தண்ணீர் உள்ளளவும், அவன் புகழ் நின்று நிலவுக!

மறுநாள் காலை ஸ்ரீநிவாசன் முனைக்கடைக்குப் போய் ஆறு முட்டை வாங்கி வந்தார்.